ஐயாயிரம் வெள்ளி கையில் இருந்தால்: புது டொமைன் எக்ஸ்டென்ஷனா, டாட் காமா, டாட் மையா?

இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு, 2012-க்குப் பிறகு முதல் முறையாகப் புது எக்ஸ்டென்ஷன்களுக்கு, அதாவது டாட் காம் போல முகவரியின் கடைசியில் வரும் பகுதிகளுக்கு, விண்ணப்பம் வாங்குகிறது. காலம் 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை. அறிவிப்பு வந்த நாளிலிருந்து கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தெரிந்த பிள்ளைகள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணே, போனஸ் காசு ஒரு ஐயாயிரம் இருக்கு. புது எக்ஸ்டென்ஷன்ல பேர் வாங்கிப் போட்டா பின்னால நல்ல விலைக்குத் தள்ளலாமா?"

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கத்துச் சிறு கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது என் தொழில். டொமைன், அதாவது இணைய முகவரிப் பெயர், வாங்குவதும் புதுப்பிப்பதும் கைமாற்றுவதும் அதில் அன்றாட வேலை. ஒருவருக்கு வாய்மொழியாகச் சொல்வதை இங்கே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் கேட்பவர்களில் பலர் சம்பளக்காரர்கள். அந்த ஐயாயிரம் வெள்ளி (ரிங்கிட்) அவர்களுக்குச் சின்னக் காசு இல்லை.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். ஊழியர் சேமநிதி 2024-க்குக் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. ஐயாயிரத்தைத் தன்விருப்பச் சந்தாவாக அங்கே போட்டிருந்தால், ஒன்றும் செய்யாமலே ஒரு வருடத்தில் 315 வெள்ளி. இனி சொல்லப்போகும் எந்த வழியும் இந்த 315 வெள்ளியைத் தாண்ட வேண்டும். முதல் கரைந்து போகும் அபாயத்தையும் ராத்திரி கண்விழித்துத் தேடும் உழைப்பையும் சேர்த்துப் பார்த்தால், நன்றாகவே தாண்ட வேண்டும்.

நீங்கள் வாங்குவது நிலமில்லை, வாடகை

டொமைனை 'டிஜிட்டல் நிலம்' என்று சொல்லி விற்பவர்கள் அதிகம். அது நிலம் இல்லை. வருடா வருடம் வாடகை கட்டி வைத்திருக்கும் கடை. ஆகவே வாங்கும் விலையைவிட, வாடகையை யார் தீர்மானிக்கிறார்கள், எவ்வளவு ஏற்றலாம், ஏற்றினால் உங்களுக்கு என்ன பாதுகாப்பு என்பதுதான் முதல் கேள்வி.

டாட் காமை நடத்துவது வெரிசைன் நிறுவனம். 2024 செப்டம்பர் முதல், டொமைன் விற்கும் கடைகளுக்கு அது போடும் மொத்த வியாபார விலை ஒரு பெயருக்கு வருடத்துக்கு 10.26 டாலர். அந்த விலையை நினைத்தபடி ஏற்ற முடியாது. ஒப்பந்தப்படி ஆறு வருடத்தில் நான்கு முறை மட்டும், ஒவ்வொரு முறையும் 7 விழுக்காட்டுக்குள். மெதுவாக ஏறும், ஆனால் எவ்வளவு ஏறும் என்று இன்றே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

புது எக்ஸ்டென்ஷன்களுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. அவற்றை நடத்தும் ரெஜிஸ்ட்ரி, புதுப்பிப்பு விலையை ஏற்றுவதற்கு 180 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் பழைய விலையிலேயே பத்து ஆண்டு வரை முன்கூட்டிப் புதுப்பித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. இது பலருக்குத் தெரியாது, கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் முப்பது நாற்பது பெயர் வைத்திருப்பவர் அத்தனைக்கும் பத்து வருடப் பணத்தை ஒரே மூச்சில் எங்கே போய்ப் புரட்டுவார்?

இது வெறும் அச்சமில்லை, நடந்தது. 2017-இல் யூனிரெஜிஸ்ட்ரி நிறுவனம் தன்னிடம் இருந்த எக்ஸ்டென்ஷன்கள் பலவற்றின் விலையை ஏற்றப் போவதாக அறிவித்தது. சிலவற்றில் ஏற்றம் பல மடங்கு. டாட் ஹோஸ்டிங் வருடத்துக்கு 300 டாலர் பக்கம் போனது. டொமைன் விற்பதில் உலகின் மிகப் பெரிய கடையான கோடாடி, அந்த நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷன்களைப் புதிதாக விற்பதையே நிறுத்திக்கொண்டது. பெயர்களை வாங்கிச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு இரண்டே வழி: கட்டு, இல்லையேல் விடு.

ரெஜிஸ்ட்ரி ஏன் ஏற்றுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஓர் எக்ஸ்டென்ஷனுக்கு ஒருவருக்கு மேல் விண்ணப்பித்தால் ஏலம் வரை போகும். டாட் ஆப்பை கூகுள் 2015-இல் 2.5 கோடி டாலருக்கு எடுத்தது. டாட் ஷாப் 2016-இல் 4.15 கோடி டாலருக்குப் போனது. அதே ஆண்டு டாட் வெப் 13.5 கோடி டாலரைத் தொட்டது. இவ்வளவு போட்டவர்கள் அதைத் திரும்ப எடுக்க வேண்டியது பெயர் பதிபவர்களிடமிருந்துதான். அந்த வரிசையின் கடைசியில் நிற்பவர் பினாங்கில் உட்கார்ந்து நாற்பது பெயர் பதிந்த நம் தம்பி.

சொந்தமாக ஓர் எக்ஸ்டென்ஷனையே எடுத்தால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. இந்தச் சுற்றில் விண்ணப்பக் கட்டணம் மட்டும் 2,27,000 டாலர். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

மலிவாக அள்ளிப் போடும் வழி

பெரும்பாலோர் இறங்குவது இதில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். டொமைன் விற்கும் எந்தத் தளத்தையும் திறந்து பாருங்கள். டாட் ஷாப், டாட் ஆன்லைன், டாட் சைட், டாட் ஸ்டோர் எல்லாம் கொட்டை எழுத்தில் ஒரு டாலர், இரண்டு டாலர். அதன் கீழே வெளிறிய சாம்பல் நிறத்தில், கைப்பேசியில் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய அளவில், இரண்டாம் ஆண்டு விலை. பல எக்ஸ்டென்ஷன்களில் அது 30 டாலரைத் தாண்டும். சில தளங்களில் பணம் கட்டும் பக்கம் வரை போனால்தான் அந்த வரி கண்ணில் படும்.

கணக்கைப் பார்ப்போம். டாலரை வட்டமாக 4 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பெயர், முதல் ஆண்டு ஒவ்வொன்றுக்கும் 2 டாலர்: 80 டாலர், அதாவது 320 வெள்ளி. ஐயாயிரம் அப்படியே இருக்கிறது என்று மனம் குளிரும். இரண்டாம் ஆண்டு 30 டாலர் வீதம் 1,200 டாலர், அதாவது 4,800 வெள்ளி. காசு தீர்ந்தது. மூன்றாம் ஆண்டு மறுபடியும் 4,800.

விற்பனை எப்படி? கைவசம் உள்ள பெயர்களில் வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்று, இரண்டு விற்றாலே பரவாயில்லை என்பது இந்தத் தொழிலில் ஊறியவர்கள் பேசும் கணக்கு. அதுவும் டாட் காமுக்கு. புது எக்ஸ்டென்ஷனுக்கும் அதே ஒரு விழுக்காட்டைத் தாராளமாகக் கொடுத்தாலும், நாற்பது பெயருக்கு இரண்டரை வருடத்துக்கு ஒரு விற்பனை. அது 1,500 டாலருக்குப் போய், சந்தைத் தளம் ஐந்தில் ஒரு பங்கு தரகு எடுத்தால் கைக்கு வருவது 1,200 டாலர். அதற்குள் நீங்கள் மூன்று முறை கட்டியிருப்பீர்கள்: 80, 1,200, 1,200. போட்டது 2,480, வந்தது 1,200.

அதே நாற்பது பெயரும் டாட் காமாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் சுமார் 11 டாலர் என்று மூன்று முறை கட்டினாலும் மொத்தம் 1,320. அதுவும் லாபமில்லைதான். ஆனால் இன்னொரு நல்ல விற்பனை அதைத் தூக்கி நிறுத்திவிடும். புது எக்ஸ்டென்ஷனில் இரண்டு நல்ல விற்பனை நடந்தாலும் மூழ்குகிறது.

விலை மட்டும் பிரச்சினையில்லை. வாங்குபவருக்கு எத்தனை மாற்று இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. 2012 சுற்றில் வந்த விண்ணப்பங்கள் 1,930. அவற்றில் 1,200-க்கு மேற்பட்டவை இணையத்தில் ஏறின. முறுக்கு விற்கும் ஒருவரிடம் நீங்கள் முறுக்கு டாட் ஷாப்பை 2,000 டாலருக்கு நீட்டினால் அவர் என்ன செய்வார்? டாட் ஸ்டோரில் தேடுவார், டாட் ஆன்லைனில் தேடுவார், முன்னால் ஒரு வார்த்தை சேர்த்து மலேசியாவின் டாட் மையில் பதிந்துகொள்வார். புது எக்ஸ்டென்ஷன் ஒவ்வொன்றும் மற்ற எல்லாப் புது எக்ஸ்டென்ஷன்களின் விலைக்கும் தானாகவே கூரை போட்டுவிடுகிறது. இந்தச் சுற்று முடிந்து இன்னும் நூற்றுக்கணக்கில் வரும்போது அந்தக் கூரை மேலும் தாழும். புதிது வருகிறது, ஆகவே வாய்ப்பு வருகிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிப்பதில்லை. சரக்கு பெருகினால் விலை இறங்கும்.

பழைய பாடம் ஒன்றும் இருக்கிறது. டாட் மோபி 2006-இல் வந்தது. கைப்பேசிக்கென்றே தனித் தளம் வேண்டியிருக்கும் என்பது அதன் அடிப்படை. அந்த ஆண்டே ஃபிளவர்ஸ் டாட் மோபி 2,00,000 டாலருக்கு ஏலம் போனது. மறு ஆண்டு ஐஃபோன் வந்தது. சாதாரணத் தளங்களே சின்னத் திரையில் திறந்தன. பிறகு திரைக்கேற்பத் தானே சுருங்கி விரியும் வடிவமைப்பு வந்ததும், டாட் மோபிக்கான தேவையே காற்றில் கரைந்தது. எக்ஸ்டென்ஷன் இன்றும் இருக்கிறது. அதற்காகப் பணத்தோடு நிற்கும் ஆள்தான் இல்லை.

மலிவுக்கு இன்னொரு விலையும் உண்டு. ஒரு டாலருக்குக் கிடைக்கும் பெயர் ஏமாற்றுக்காரர்களுக்கும் ஒரு டாலருக்குத்தான் கிடைக்கிறது. டாட் டாப்பை நடத்தும் நிறுவனம் இந்த மாதிரித் துஷ்பிரயோகப் புகார்களைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று 2024 ஜூலையில் ஐகான் ஒப்பந்த மீறல் அறிவிப்பே அனுப்பியது. இப்படிப் பெயர் கெட்ட எக்ஸ்டென்ஷனில் இருந்து நல்லவர் அனுப்பும் மின்னஞ்சலும் குப்பைப் பெட்டியில் விழும் வாய்ப்பு அதிகம். ஜார்ஜ்டவுனில் கேட்டரிங் செய்யும் ஓர் அக்காவுக்கு இது நடந்தது. 600 பேர் கல்யாணச் சாப்பாட்டுக்கு விலைப்பட்டியலை அனுப்பிவிட்டு, பதிலே வரவில்லை என்று காத்திருந்தார். பெண் வீட்டார் பெட்டியில் அது ஸ்பேமில் கிடந்தது. ஃபோன் போட்டுக் கேட்கும்போது அவர்கள் வேறு இடத்தில் அட்வான்ஸ் கொடுத்து முடித்திருந்தார்கள். சாம்பாரும் பாயசமும் குறையில்லாமல் செய்யத் தெரிந்த ஒருவர், முகவரியின் கடைசி நான்கு எழுத்தால் ஒரு பெரிய ஆர்டரை இழந்தது எனக்கு இன்றும் வருத்தம். பிறகு டாட் காம் டாட் மைக்கு மாற்றிக் கொடுத்தேன்.

அப்படியானால் லட்சத்தில் விற்றவை?

இல்லையென்று சொல்லவில்லை. வெக்கேஷன் டாட் ரென்டல்ஸ் 5,00,300 டாலருக்குப் போனது. ஹோம் டாட் லோன்ஸ் 5,00,000 டாலர். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபாபெட் 2015-இல் ஏபிசி டாட் எக்ஸ்ஒய்இசட் என்ற முகவரியை எடுத்துக்கொண்டபோது, அந்த எக்ஸ்டென்ஷனுக்கே ஒரு மரியாதை வந்தது.

இவற்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டிலும் புள்ளிக்கு இடதும் வலதும் சேர்ந்து, மக்கள் ஏற்கெனவே வாயால் சொல்லும் ஒரே சொல்லாகிறது. விடுமுறை வாடகை, வீட்டுக் கடன் இரண்டுமே ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க நூற்றுக்கணக்கான டாலர் செலவழிக்கும் தொழில்கள். மூன்றாவதில் ஆல்ஃபாபெட் டாட் காம் பிஎம்டபிள்யூவிடம் இருந்தது. உலகப் பெரும் நிறுவனமே தன் பெயரின் டாட் காம் கிடைக்காத நிலையில் வேறு பக்கம் போனது. இதை உங்கள் பட்டியலில் உள்ள பெயர்களுக்குப் பொருத்திப் பாருங்கள். நாற்பதில் ஒன்று தேறினால் பெரிது.

அப்படித் தேறும் சொற்கள் சாதாரண விலைக்குக் கிடைப்பதும் இல்லை. எக்ஸ்டென்ஷன் திறக்கும் முறையே அப்படி. முதலில் வணிகச் சின்னம் வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமைக் காலம். அடுத்து, பல எக்ஸ்டென்ஷன்களில், நாளுக்கு நாள் விலை இறங்கிக்கொண்டே வரும் முன்பதிவுக் காலம். அதன் பிறகே எல்லோருக்கும் கதவு திறக்கும். நல்ல சொற்களை அதற்கு முன்பே ரெஜிஸ்ட்ரி தனியாக எடுத்து 'பிரீமியம்' என்று விலை ஒட்டி வைத்திருக்கும். அந்தப் பிரீமியத்தில்தான் பெரிய கண்ணி இருக்கிறது. சிலவற்றில் ஒரு முறை கூடுதல் விலை கட்டினால் போதும், அடுத்த ஆண்டு சாதாரண விலை. சிலவற்றிலோ அந்தக் கூடுதல் விலையே வருடா வருடம். நல்ல பெயர் 400 டாலர்தான் என்று மகிழ்ந்து வாங்கியவர், அடுத்த ஆண்டும் அதே 400 டாலர் பில் வரும்போது திகைத்து நிற்கிறார். ஏற்கெனவே சொன்ன புதுப்பிப்பு விலைப் பாதுகாப்பு, முன்னரே சொல்லி விற்ற இத்தகைய பிரீமியம் பெயர்களுக்கு முழுமையாகப் பொருந்தாது.

என் கருத்தைக் கேட்டால்: புது எக்ஸ்டென்ஷனில் காசு போட்டே தீர வேண்டும் என்றால், இந்த இடத்தில்தான் போட வேண்டும். இடதும் வலதும் ஒரே மூச்சில் ஒட்டும் சொல், காசு புரளும் தொழில், புதுப்பிப்பு விலை சாதாரணம். இந்த மூன்றும் சேர்ந்த ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு. ஐந்து ஆண்டுக்கான புதுப்பிப்பை இன்றே ஒதுக்கி வைக்க முடியாவிட்டால் அதுவும் வேண்டாம்.

டாட் காமை இரண்டாம் கையாக வாங்குவது

டாட் காமில் பதியப்பட்ட பெயர்கள் 15 கோடிக்கு மேல். புதிதாகப் பதிய நல்லதாக ஒன்றும் மிச்சமில்லை என்பது ஏறக்குறைய உண்மை. அதனால் இங்கே வழி, காலாவதியாகி ஏலத்துக்கு வருவதையோ இன்னொருவர் விற்பதையோ வாங்குவது. ஐயாயிரம் வெள்ளி சுமார் 1,250 டாலர். அதில் இரண்டு சொல் சேர்ந்த, உச்சரிக்க எளிதான ஒன்றோ இரண்டோ கிடைக்கும்.

இதன் பெரிய பலம், அடிமட்ட விலை ஒன்று இருப்பது. கடைக்காரர் யாரும் வாங்காவிட்டாலும், வேறொரு முதலீட்டாளர் குறைந்த விலைக்காவது எடுத்துக்கொள்வார். 800 டாலருக்கு வாங்கியது அவசரத்துக்கு 400-க்காவது போகும். புது எக்ஸ்டென்ஷனில் அந்த இரண்டாம் வாசல் கிட்டத்தட்ட இல்லை. கடைசிப் பயனாளர் வந்தால் உண்டு, இல்லையென்றால் பூஜ்யம். சம்பளக்காரருக்கு இந்த வித்தியாசம் மிக முக்கியம். பிள்ளைக்குப் பள்ளிச் செலவு வரும் மாதத்தில் எதை விற்றுக் காசாக்க முடியும் என்பதும் முதலீட்டின் ஒரு பகுதிதானே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புது எக்ஸ்டென்ஷனில் கடை தொடங்கி வளர்ந்தவர்களில் பலர், கையில் காசு வந்ததும் தேடிப் போவது அதே பெயரின் டாட் காமைத்தான். விளம்பரத்தில் முகவரியை வாயால் சொல்லிப் பார்த்தால் ஏனென்று புரியும். மின்னல் பண்பலையில் அறிவிப்பாளர் 'இன்னார் டாட் ஷாப்' என்று சொல்லி முடிப்பதற்குள், கேட்பவர் கை தானாக அதன் பின்னால் டாட் காம் என்று தட்டிவிடும்.

குறை என்னவென்றால், இது அறிவு தேவைப்படும் வேலை. நேம்பயோ போன்ற தளத்தில் பழைய விற்பனை விலைகளைப் பார்க்கலாம். ஆனால் அங்கே விற்றவைதான் இருக்கும், பத்து வருடமாக விற்காமல் கிடப்பவை இருக்காது. அதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. செடோ, ஆஃப்டர்னிக் போன்ற சந்தைகளின் தரகு, விற்கும் முறையைப் பொறுத்து 25 விழுக்காடு வரை போகும். தனியாள் ஒருவரிடம் வாங்கினால் எஸ்க்ரோ வழியாக, அதாவது பெயர் கைக்கு வரும் வரை பணத்தைப் பிடித்து வைக்கும் நடுவர் சேவை வழியாக, மட்டும் பணம் கட்டுங்கள். வாட்ஸ்அப்பில் பேசி நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்புவது, அடையாளம் தெரியாதவரிடம் கார் வாங்கச் சொல்லிப் பணம் கொடுத்த கதைதான்.

டாட் ஏஐ, டாட் ஐஓ

இவற்றைப் பலர் புது எக்ஸ்டென்ஷன் என்றே நினைக்கிறார்கள். இவை நாட்டுக் குறியீடுகள், அதாவது ஒவ்வொரு நாட்டுக்கோ பிரதேசத்துக்கோ ஒதுக்கப்பட்ட எக்ஸ்டென்ஷன்கள். டாட் ஏஐ கரிபியனில் உள்ள அங்குவிலா என்ற சின்னத் தீவுடையது. செயற்கை நுண்ணறிவு அலையால் 2023-இல் மட்டும் அந்தத் தீவுக்கு இதிலிருந்து சுமார் 3.2 கோடி டாலர் வருமானம். அதே ஆண்டு யூ டாட் ஏஐ 7,00,000 டாலருக்கு விற்றது.

இப்போது உண்மையாகவே வாங்க ஆள் நிற்கும் இடம் இதுதான், மறுக்க முடியாது. ஆனால் குறைந்தது இரண்டு ஆண்டுக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும், 140 டாலருக்குக் குறையாது. ஐயாயிரம் வெள்ளியில் அதிகபட்சம் எட்டுப் பெயர். மிச்சமிருக்கும் பெயர்களில் எட்டு நல்லவற்றைக் கண்டுபிடிப்பதும் சுலபமில்லை. நல்லவை முன்னமே போய்விட்டன. விலையை ஒரு தீவின் அரசு தனியே தீர்மானிக்கிறது. அதற்கு மேல், டாட் மோபிக்கு நடந்ததை மனதில் வையுங்கள். எல்லா மென்பொருளிலும் இந்த நுண்ணறிவு சாதாரணமாகிவிட்டால், முகவரியில் அதை எழுதிக் காட்ட வேண்டிய தேவை குறையும்.

நாட்டுக் குறியீட்டில் அரசியலும் கலந்திருக்கிறது. டாட் ஐஓ இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரிட்டிஷ் பிரதேசத்தின் குறியீடு. அந்தச் சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2025 மே மாதம் கையெழுத்தானது. பிரதேசம் இல்லாமல் போனால் குறியீடு என்னாகும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. யுகோஸ்லாவியா மறைந்த பிறகு டாட் ஒய்யூ 2010-இல் இணையத்திலிருந்தே நீக்கப்பட்டது நினைவிருக்கட்டும். இலவசமாகக் கிடைத்த டாட் ஜிஏவும் அப்படித்தான். 2023-இல் காபோன் நாடு நிர்வாகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது லட்சக்கணக்கான பெயர்கள் ஒரேயடியாக அழிந்தன.

டாட் மை

நம் நாட்டுக் குறியீட்டை நிர்வகிப்பது மைநிக். டாட் காம் டாட் மை வேண்டுமானால் வர்த்தகப் பதிவு இருக்க வேண்டும். மலேசிய நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் வணிகப் பெயரோடு தனியுரிமைத் தொழில் பதிய வருடத்துக்கு 60 வெள்ளிதான், அது பெரிய தடையில்லை. ஆனால் அந்த ஒரு தடையே அள்ளிப் போடுகிறவர்களை வெளியே நிறுத்தியிருக்கிறது. அதனால்தான் மலேசிய வாடிக்கையாளர் அந்த முகவரியைப் பார்த்ததும் 'பதிவான கடை' என்று நம்புகிறார்.

மறுவிற்பனைச் சந்தை மிகச் சின்னது. உலகச் சந்தைத் தளங்களில் போட்டு வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வாங்குபவர் இங்கேயே, மஸ்ஜித் இந்தியாவில், கிள்ளானில், செபராங் பிறையில் கடை வைத்திருப்பவராக இருப்பார். அவரிடம் போய்ப் பேசும் திறமை இருந்தால், ஒரு தொழிலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லோ ஆங்கிலச் சொல்லோ டாட் மையில் கிடைத்தால் வாங்கலாம். லாபம் சிறியதாக இருக்கும், ஆனால் ஆள் தெரிந்த வியாபாரம். சொந்தத் தொழிலுக்கு எது என்று கேட்டால் எனக்கு யோசனையே வேண்டாம், டாட் காம் டாட் மை அல்லது டாட் மை.

தமிழ் எழுத்து முகவரியைப் பற்றியும் கேட்கிறார்கள். சிங்கப்பூர், இந்தியா, இலங்கை மூன்று நாட்டுக்கும் தமிழ் எழுத்திலேயே நாட்டுக் குறியீடு இருக்கிறது. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் ஒன்று உண்டு, தமிழில் இல்லை. நம் எழுத்தில் முகவரி இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறையவே இருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளும் வாசகர் வட்டங்களும் எடுத்துப் பயன்படுத்தினால் மனம் நிறையும். ஆனால் பல மென்பொருள்கள் இன்னும் அதில் மின்னஞ்சலைச் சரியாக ஏற்பதில்லை, வாங்க ஆளும் இல்லை. பற்றுக்காக வாங்குங்கள், லாபத்துக்காக வேண்டாம்.

வழக்கில் மாட்டிக்கொள்ளாமல்

எந்த வழியில் போனாலும் ஒன்று பொது. பிரபல நிறுவனப் பெயரைப் புது எக்ஸ்டென்ஷனில் பதிந்து வைத்தால் அவர்களே தேடி வந்து வாங்குவார்கள் என்ற கனவை முதலில் விடுங்கள். அவர்கள் வாங்க வர மாட்டார்கள், புகார் கொடுப்பார்கள். பெயர் அவர்கள் சின்னத்தோடு குழப்பும் அளவு ஒத்திருக்கிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, தீய நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்துகிறீர்கள். இந்த மூன்றையும் காட்டினால் பெயர் கைமாறிவிடும். உலக அறிவுசார் சொத்து அமைப்பில் தனி நடுவரோடு புகார் கொடுக்க அவர்களுக்கு ஆகும் செலவு 1,500 டாலர். அதைவிட அதிகம் உங்களுக்குக் கொடுக்க எந்த வக்கீலும் ஒப்புக்கொள்ள மாட்டார். டாட் மை தகராறுகளை விசாரிப்பது கோலாலம்பூரிலேயே ஜாலான் சுல்தான் ஹிஷாமுடினில் உள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மையம்.

புது எக்ஸ்டென்ஷன் எல்லோருக்கும் திறக்கும்போது, முதல் 90 நாளாவது, நீங்கள் பதியும் சொல் யாருடைய பதிவான சின்னமாவது என்றால் ஓர் எச்சரிக்கை திரையில் வரும். அவசரத்தில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டிவிடாதீர்கள். தெரிந்தே பதிந்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சியாகும்.

வரியையும் மறக்க வேண்டாம். தொடர்ந்து வாங்கி விற்றால் அது வியாபார வருமானம். வாங்கிய பில், புதுப்பித்த பில், தரகு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

யாருக்கு எது

சொந்தமாகத் தொழில் தொடங்கும் எண்ணம் இருந்தால், முதல் 300, 400 வெள்ளி உங்கள் பெயருக்குப் போகட்டும்: டாட் மை, டாட் காம் இரண்டும் கிடைத்தால் இரண்டும். அதுதான் இந்தப் பட்டியலில் நிச்சயமாகப் பலன் தருவது. தொழில் எண்ணமில்லை, இந்தத் துறை பிடித்திருக்கிறது, மூன்று நான்கு வருடம் காத்திருக்க முடியும் என்றால் இரண்டாம் கை டாட் காம் ஒன்று, அதுவும் ஆறு மாதம் ஏலங்களை வெறுமனே வேடிக்கை பார்த்த பிறகு. ஆங்கிலத் தொழில்நுட்பச் சந்தையை உள்ளபடி அறிந்தவருக்கு டாட் ஏஐயில் ஒன்றிரண்டு. புது எக்ஸ்டென்ஷனில் நாற்பது பெயர் என்ற யோசனை மட்டும் யாருக்கும் பொருந்தவில்லை. இந்தச் சுற்றில் வரப்போவதை 'இப்போதே முன்பதிவு செய்யுங்கள்' என்று காசு கேட்பவர்களிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 2012 தொடக்கத்தில் விண்ணப்பித்தவற்றில் முதலாவது இணையத்தில் ஏறியது 2013 அக்டோபரில். அதுவரை எந்தக் கடைக்காரராலும் எந்தப் பெயருக்கும் உறுதி தர முடியாது.

முன்னமே வாங்கிவிட்டவர்களுக்கு

புதுப்பிப்பு மின்னஞ்சல் வரத் தொடங்கியிருக்கும். எல்லாவற்றையும் தானியங்கிப் புதுப்பிப்பில் போட்டிருந்தால் இன்றே அதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கார்டில் இருந்து ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் போய்விடும். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். இதுவரை யாராவது விலை கேட்டிருக்கிறார்களா? அதே சொல்லின் டாட் காமில் உண்மையான நிறுவனம் நடக்கிறதா? இன்று புதிதாக வந்தால் இந்தப் புதுப்பிப்பு விலைக்கு இதை வாங்குவீர்களா? மூன்றுக்கும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். போட்ட காசை நினைத்து இன்னொரு 30 டாலர் கட்ட வேண்டாம்.

விடுவதற்கும் காலக்கணக்கு உண்டு. காலாவதியான பிறகு பெரும்பாலான கடைகள் சில வாரம், அதிகபட்சம் 45 நாள், சாதாரண விலையிலேயே புதுப்பிக்க விடும். அதன் பின் 30 நாள் மீட்புக் காலம். அப்போது எடுக்க வேண்டுமானால் அபராதம் போல ஒரு பெரிய தொகை. அதன் பின் 5 நாளில் பெயர் பொதுவில் விழும்.

விடக் கூடாதது ஒன்றே ஒன்று. அந்தப் பெயரில் எப்போதாவது மின்னஞ்சல் ஓட்டியிருந்தால், வங்கி, ஷோப்பீ, ஃபேஸ்புக் எதிலாவது அந்த முகவரியைக் கொடுத்திருந்தால், அவை எல்லாவற்றிலும் மாற்றி முடிக்கும் வரை கட்டணம் கட்டி வைத்திருங்கள். பொதுவில் விழுந்த பெயரை எடுப்பவர் அதே முகவரியில் பெட்டியைத் திறந்து 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று ஒரு முறை தட்டினால் போதும், உங்கள் கணக்குகளுக்கான இணைப்பு நேராக அவர் கைக்குப் போகும்.